பழி தேடிய நூற்றாண்டு: மனச்சிதைவும் நோயெதிர்ப்பு மரபணுக்களும்

ஒரு வீட்டில் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை மெல்ல ஒதுங்கத் தொடங்குகிறது. படிப்பில் பிடிப்பு போகிறது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறது. பிறகொரு நாள், யாருமற்ற அறையில் தனக்கு மட்டும் கேட்கும் குரலுக்குப் பதில் சொல்கிறது. அந்த வீட்டில் 'என்ன நோய்' என்ற கேள்விக்கு முன்பே 'ஏன் நமக்கு' என்ற கேள்வி எழுந்துவிடும். செய்வினை, கிரகம், முன்னோர் பாவம், தாய்வழி ரத்தம், தந்தைவழி ரத்தம், வளர்ப்பு என்று பதில்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு பதிலும் யாரோ ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்.

மருத்துவம் இவற்றையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கிவிடக்கூடிய உயரத்தில் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மனச்சிதைவு நோயின் காரணத்தை மருத்துவம் தேடிச் சென்ற நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், அதுவும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடந்து வந்திருக்கிறது என்பது தெரியவரும். பல்லிலும் குடலிலும் ரத்தத்திலும் தாயின் குணத்திலும் அது குற்றவாளியைத் தேடியது. கண்டுவிட்டதாக நம்பிய ஒவ்வொரு முறையும் தண்டனையையும் நிறைவேற்றியது. அந்த வரலாற்றின் ஓர் இழையை மட்டும் இங்கே நாம் பின்தொடர விரும்புகிறோம். கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்கும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் மரபணுக்களுக்கும் மனச்சிதைவுக்கும் இடையில் தொடர்பு உண்டு என்ற எண்ணத்தின் கதை அது. பலமுறை பொய்த்து, கைவிடப்பட்டு, 2009-க்குப் பிறகு எண்களின் பலத்தோடு திரும்பி வந்த எண்ணம். அது இன்று எதைச் சொல்கிறது என்பதோடு, எதைச் சொல்லவில்லை என்பதையும் அறிந்துகொள்வது நமக்கு முக்கியம்.

1

முதலில் பெயர். மனச்சிதைவு, உளப்பிளவு என்று தமிழில் வழங்கும் சொற்களுக்கு மூலம், சுவிட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர் 1908-ல் உருவாக்கிய 'ஸ்கிட்ஸோஃப்ரீனியா' என்ற சொல். பிளத்தல், மனம் என்னும் பொருளுடைய இரு கிரேக்க வேர்களைச் சேர்த்து அவர் அதை அமைத்தார். அதற்கு முன்பு ஜெர்மனியின் எமில் க்ரேப்பெலின் இந்நோயை 'டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்', அதாவது இளமையிலேயே வந்துவிடும் அறிவுத் தேய்வு, என்று வகைப்படுத்தியிருந்தார். தேய்வைக் காட்டிலும் எண்ணம், உணர்ச்சி, புலனறிவு ஆகியவற்றைக் கோத்து வைத்திருக்கும் சரடு தளர்வதே இதன் இயல்பு என்பது ப்ளாய்லரின் பார்வை. ஒருவருக்குள் இருவர் வாழ்வதாகத் திரைப்படங்கள் காட்டும் இரட்டை ஆளுமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வாழ்நாளில் ஏறத்தாழ நூற்றில் ஒருவரைத் தொடும் இந்நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதிக்கும் முப்பது வயதுக்கும் இடையில் வெளிப்படுகிறது. ஏன் அந்த வயதில் என்ற கேள்வியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அது தேவைப்படும்.

நோய்த்தொற்றுக்கும் மனநோய்க்கும் உறவு உண்டு என்ற எண்ணம் வெறும் ஊகமாகப் பிறந்ததல்ல. அக்காலத்து ஐரோப்பிய மனநோய் விடுதிகளை நிறைத்திருந்தவர்களில் கணிசமானோர், பிரமைகளில் தொடங்கி உடல் செயலிழந்து மடியும் ஒருவகை நோய்க்கு ஆளானவர்கள். 1913-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஹிதேயோ நொகுச்சியும் ஜே. டபிள்யூ. மூரும் அவ்வாறு இறந்தவர்களின் மூளையில் சிஃபிலிஸ் என்ற மேகநோயின் கிருமியையே கண்டனர். மனத்தின் நோய் என்று கருதப்பட்டது ஒரு கிருமியின் வேலை என்று தெளிந்தது. 1917-ல் வியன்னாவில் யூலியுஸ் வாக்னர்-யாவுரெக் அந்நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாக் காய்ச்சலை வரவழைத்துச் சிகிச்சை அளித்தார். 1927-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்.

1918-ல் உலகைச் சூழ்ந்த இன்ஃப்ளுயன்ஸா பெருந்தொற்று இந்த எண்ணத்துக்கு மேலும் வலு சேர்த்தது. பாஸ்டன் மனநோய் மருத்துவமனையில் அப்போது இளம் மருத்துவராக இருந்த கார்ல் மெனிங்கர், காய்ச்சலைத் தொடர்ந்து மனம் பேதலித்து வந்த நூறு பேரைப் பற்றி 1919-ல் எழுதினார். அவர்களில் பலரது நிலை டிமென்ஷியா ப்ரீகாக்ஸை ஒத்திருந்தது. பின்னாளில் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, கணிசமானோர் நலம் பெற்றிருந்ததையும் அவர் பதிவு செய்தார். மீளவே முடியாதது என்று அன்று கருதப்பட்ட நோயைப் பற்றிய முக்கியமான அவதானிப்பு அது. காய்ச்சலுக்கும் சிதைவுக்கும் இடையில் உடலின் எதிர்வினை என்று ஒன்று இருக்கலாம் என்ற ஐயத்துக்கும் அது இடமளித்தது.

இதே காலத்தில், ஐயத்துக்கு இடமே இல்லாத ஒருவர் நியூஜெர்சியில் இருந்தார். ட்ரெண்டன் அரசு மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஹென்றி காட்டன், உடலின் மூலைகளில் ஒளிந்திருக்கும் சீழே மனநோய்க்குக் காரணம் என்று உறுதியாக நம்பினார். நோயாளிகளின் பற்கள் பிடுங்கப்பட்டன. நலம் காணாவிட்டால் டான்சில், அதன்பின் வயிற்றின் பகுதி, பெருங்குடல் என அறுவை உள்ளே உள்ளே சென்றது. எதிர்ப்புசக்தி மருந்துகள் தோன்றாத காலம். பெருங்குடல் அறுவைக்கு உள்ளானவர்களில் பத்துக்கு மூவர் அளவில் இறந்தனர் என்பது அவரே ஒப்புக்கொண்ட கணக்கு. 1920-களின் நடுவில் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவர் அங்கு அனுப்பப்பட்டு, ஆவணங்களைப் பொறுமையாக ஆராய்ந்து, காட்டன் கூறிய வெற்றிகள் பொய்யென்றும் இறப்புகள் அதைவிட அதிகமென்றும் அறிக்கை தந்தார். அவரை அனுப்பிய அடால்ஃப் மேயர், அமெரிக்க மனநல மருத்துவத்தின் தலைமகனாகக் கருதப்பட்டவர், அந்த அறிக்கையை வெளியிடவே இல்லை.

காட்டனைக் கொடியவர் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் அவர் தொடங்கிய இடம், சிஃபிலிஸ் கிருமியை மூளையில் கண்ட அதே நியாயமான இடம்தான். ஒரு நோயில் மெய்யான தொடர்பை, சோதிக்காமலே எல்லா நோய்களுக்கும் காரணமாக்கினார். தொடர்புக்கும் காரணத்துக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

2

கிருமியில் தேடியவர்கள் ஒருபுறமிருக்க, ரத்தத்தில் தேடியவர்கள் மறுபுறம் இருந்தனர். 1916-ல் எர்ன்ஸ்ட் ரூடின் நோயாளிகளின் உடன்பிறந்தாரைக் கணக்கெடுத்து, இந்நோய் குடும்பங்களில் திரண்டு வருவதை எண்களால் காட்டினார். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட எளிய விகிதத்துக்கு அந்த எண்கள் அடங்கவில்லை. அடங்காத எண்கள் அவரைத் தயங்கச் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. 1933-ல் ஹிட்லரின் அரசு கொண்டுவந்த கட்டாய மலடாக்கல் சட்டத்துக்கு அதிகாரபூர்வமான விளக்கவுரை எழுதிய மூவரில் அவரும் ஒருவர். சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நோய்களில் மனச்சிதைவும் இருந்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் அச்சட்டத்தின்கீழ் மலடாக்கப்பட்டனர். அடுத்த படியாக, 1940, 1941 ஆண்டுகளில் 70,000-க்கும் மேற்பட்ட விடுதி நோயாளிகள் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டனர். நோயாளிகளின் உறவினர்களுக்குப் பொய்யான இறப்புக் காரணம் எழுதிய கடிதங்கள் சென்றன.

போருக்குப் பின் மரபு என்ற சொல்லே கறைபட்டுப்போனதில் வியப்பில்லை. அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தது தாயின் மீதான பழி. 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைஷ்மான் கையாண்ட 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்ற தொடர் மேற்கின் மருத்துவமனைகளெங்கும் பரவியது. பிள்ளையைப் பார்க்க வந்த அன்னையை மருத்துவரே குற்றவாளியாகப் பார்க்கும் நிலை ஏற்பட்டது. நோயாளிகளிடம் பரிவும் பொறுமையும் கொண்டவர் என்று அறியப்பட்ட ஒருவரின் சொல் இப்படி ஆயுதமானது அவ்வரலாற்றின் துயரங்களில் ஒன்று.

இந்தப் பழியை அசைத்தது மரபணு ஆய்வுதான் என்பதை நாம் மறக்கலாகாது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மனச்சிதைவுற்ற தாய்மாருக்கு மருத்துவமனையில் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரைத் தேடிக் கண்டறிந்தார் லியனர்டு ஹெஸ்டன். அவர்களில் 5 பேருக்கு அந்நோய் வந்திருந்தது. அவ்வாறே பிரிக்கப்பட்டு வளர்ந்த, நோயற்ற தாய்மாரின் பிள்ளைகள் 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. 1966-ல் வெளிவந்த இம்முடிவை, டென்மார்க்கின் தத்துப் பதிவேடுகளைக் கொண்டு 1968 முதல் சீமோர் கெட்டியும் அவரது தோழர்களும் வெளியிட்ட ஆய்வுகள் உறுதி செய்தன. வளர்த்த தாய் குற்றவாளியல்ல என்றாயிற்று. அதே வேளையில், ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கு மேல் போகவில்லை. மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் பாதிப்பேர் தப்பிவிடுகிறார்கள். ஆகவே ரத்தம் விதியும் அல்ல என்றாயிற்று.

3

நோயெதிர்ப்பும் மரபணுவும் ஒன்றையொன்று சந்தித்தது எழுபதுகளில். அதற்கு வழிவகுத்தது மனநோய்க்குச் சற்றும் தொடர்பில்லாத உறுப்புமாற்று அறுவை. 1958-ல் பிரான்ஸின் ஜான் தொஸே வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் ஆளுக்கு ஆள் மாறுபடும் அடையாளங்களைக் கண்டறிந்தார். 'எச்.எல்.ஏ.' என்று பின்னர் பெயர்பெற்ற அந்த அடையாளங்களைக் கொண்டே நம் உடல் தன்னுடையது எது, அந்நியம் எது என்று பிரித்தறிகிறது. இவற்றை உருவாக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமின் ஒரு பகுதியில் நெருக்கமாகக் கூடியிருக்கின்றன. முதுகெலும்பை இறுகச் செய்யும் ஒரு மூட்டுநோய்க்கும் எச்.எல்.ஏ. பி27 என்ற அடையாளத்துக்கும் மிக வலுவான தொடர்பு இருப்பது 1973-ல் தெரியவந்ததும், எல்லா நோய்களுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கும் வேகம் பிறந்தது. மனச்சிதைவுக்கு அதை முதலில் வைத்துப் பார்த்தவர்கள் இத்தாலியின் கார்லோ லோரென்ஸோ கட்சூலோவும் அவரது குழுவினரும், ஆண்டு 1974.

இன்னொரு பழைய புதிரும் துணைக்கு வந்தது. மனநோய் விடுதிகளில் முடக்குவாதம் விந்தையான அளவுக்கு அரிதாக இருக்கிறது என்று 1936-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இருவர் எழுதியிருந்தனர். முடக்குவாதமோ உடலின் நோயெதிர்ப்பு தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது. ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்று இல்லையென்றால், இரண்டுக்கும் பொதுவான கயிறு ஒன்று எங்கோ இருக்கவேண்டும் என்று பலருக்கும் தோன்றியது இயல்பே.

அடுத்த முப்பதாண்டுகளின் முடிவுகளோ ஒன்றையொன்று மறுத்தன. ஓர் ஊரில் கண்ட அடையாளம் அடுத்த ஊரில் காணாமல் போனது. சில பத்து நோயாளிகளை மட்டும் வைத்துக்கொண்டு பல அடையாளங்களைச் சோதித்தால், தற்செயலாகவே ஏதேனும் ஒன்று பொருந்திவிடும். எச்.எல்.ஏ. வகைகள் மக்களின் பூர்விகத்துக்கேற்ப வெகுவாக மாறுபவை. எனவே இரு குழுக்களின் பூர்விகம் சற்று வேறுபட்டாலே நோயின் தொடர்புபோல ஒரு மாயை தோன்றிவிடும். 1988-ல் ஐஸ்லாந்து, பிரிட்டன் குடும்பங்களை ஆராய்ந்து ஐந்தாவது குரோமோசோமில் நோயின் இருப்பிடத்தைக் கண்டதாக 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதே இதழில், ஸ்வீடனின் ஒரு பெருங்குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லை என்று மற்றொரு கட்டுரையும் வந்தது. அன்றைய துறையின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

விடை தனியொரு மேதையிடமிருந்து வரவில்லை. தத்தம் தரவுகளைப் பொத்திவைத்திருந்த குழுக்கள் அவற்றை ஒன்றாகக் கொட்டியபோதே வந்தது. நூற்றில் ஒருவருக்கு வரும் நோயின் ஆபத்தை ஒரு மரபணு மாற்றுரு சிறிதளவே கூட்டுமானால், அதைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய ஆயிரக்கணக்கானோரின் ரத்தம் வேண்டும். 2009 ஜூலையில் மூன்று பன்னாட்டுக் குழுக்கள் ஒரே நேரத்தில் 'நேச்சர்' இதழில் தங்கள் முடிவுகளை வெளியிட்டன. சேர்த்துப் பார்க்கையில் 8,008 நோயாளிகள், 19,077 நோயற்றவர்கள். மரபணுத் தொகுதி முழுவதையும் துழாவியதில் மிகத் தெளிவாகத் தெரிந்த இடங்களில் ஒன்று, எச்.எல்.ஏ. மரபணுக்கள் குடியிருக்கும் அதே ஆறாவது குரோமோசோம் பகுதி. 2014-ல் 36,989 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 108 இடங்களைச் சுட்டியது. அவ்விடங்களை வரைபடமாக்கினால் சமவெளியில் எழும் சிறு சிறு மேடுகள்போலத் தெரிகின்றன. ஆறாவது குரோமோசோமில் மட்டும் ஒரு கோபுரம் நிற்கிறது.

4

கோபுரம் தெரிந்தாலும் உள்ளே இருப்பது யார் என்று தெரியவில்லை. அப்பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவை தலைமுறைகளுக்குத் தனித்தனியாக அல்லாமல் பெரிய கட்டுகளாகவே கைமாறுவதால், கட்டில் எந்தக் குச்சி காரணம் என்று பிரிப்பது கடினம். ஹார்வர்டில் ஸ்டீவன் மெக்கரோலின் ஆய்வகத்தில் அஸ்வின் சேகரும் மற்றவர்களும், பெத் ஸ்டீவன்ஸ், மைக்கேல் கரோல் ஆகியோரின் குழுக்களோடு சேர்ந்து 2016 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரை அக்கோபுரத்தின் ஒரு பகுதிக்குப் பெயர் சூட்டியது: 'சி4'.

சி4, 'காம்ப்ளிமென்ட்' என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் கிருமியை அழிக்க அவற்றுக்குத் துணையாக இன்னொரு பொருள் வேண்டியிருக்கிறது என்பதை 1890-களில் ஜூல் போர்தே காட்டினார். அதற்குக் காம்ப்ளிமென்ட், நிறைவு செய்வது, என்று பெயரிட்டவர் பால் எர்லிக். அழிக்கவேண்டிய பொருளின்மீது இப்புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. விழுங்கும் அணுக்கள் அந்த அடையாளத்தைப் பார்த்து வந்து அதை உண்டுவிடுகின்றன. வெட்டவேண்டிய மரத்தின்மீது வனத்துறையினர் இடும் சுண்ணாம்புக் குறியைப் போன்றது இது.

கிருமிக்கு இடும் குறிக்கு மூளையில் என்ன வேலை? இங்கேதான் நாம் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன கேள்வி திரும்பி வருகிறது. குழந்தையின் மூளையில் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் தேவைக்கு மிக அதிகமாக உருவாகின்றன. வளர வளர, பயன்படாதவை கழிக்கப்படுகின்றன. மனித மூளையின் முன்பகுதியில் இந்தக் குறைவு பதின்பருவம் வரை நீள்வதை 1979-ல் பீட்டர் ஹட்டன்லாக்கர் இணைப்புகளை எண்ணிக் காட்டினார். தூக்கத்தை ஆராய்ந்துவந்த இர்வின் ஃபைன்பர்க் எண்பதுகளின் தொடக்கத்தில், இந்தக் கவாத்து அளவு தவறுவதால்தான் மனச்சிதைவு வருகிறதா என்று கேட்டார். கட்டுரைத் தலைப்பையே அவர் கேள்விக்குறியுடன்தான் முடித்திருந்தார். காட்டனிடம் இல்லாதிருந்தது அந்தக் கேள்விக்குறிதான். 2007-ல் பெத் ஸ்டீவன்ஸும் பென் பேரஸும் எலிகளின் மூளையில் அந்தக் கவாத்துக்கான குறியை இடுவது காம்ப்ளிமென்ட் புரதங்களே என்று காட்டினர். ரத்தத்தில் கிருமிக்கு இடும் அதே குறியை வளரும் மூளை தன் இணைப்புகளுக்கே இடுகிறது.

சி4 மரபணு நம் எல்லோரிடமும் ஒரே வடிவில் இல்லை. 'சி4ஏ', 'சி4பி' என்று இருவகை. ஒவ்வொருவரிடமும் அவற்றின் பிரதிகளின் எண்ணிக்கை வேறுபடும். சில பிரதிகள் நீளமானவை. காரணம், எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பு நம் மூதாதையரைத் தொற்றிய ஒரு வைரஸின் எச்சம் அவற்றுக்குள் தங்கிப்போனதுதான். இறந்தோரின் ஏறத்தாழ 700 மூளை மாதிரிகளைக் கொண்டு, எந்த வடிவம் எவ்வளவு புரதத்துக்கு வழிசெய்கிறது என்று அளந்தனர். பின் 28,799 நோயாளிகளையும் 35,986 நோயற்றவர்களையும் ஒப்பிட்டனர். மூளையில் சி4ஏ அதிகம் உருவாக வழிசெய்யும் வடிவங்கள் நோயின் ஆபத்தையும் அதிகரித்தன. சி4 இல்லாத எலிகளில் பார்வைப் பாதையின் கவாத்து குறைந்தது. நோய் ஏன் அந்த வயதில் தலைகாட்டுகிறது என்பதற்கு முதன்முறையாக உயிரியல் தரக்கூடிய ஒரு விளக்கம் கண்ணில் பட்டது.

உலகெங்கும் செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. ஆனால் கட்டுரையில் இருந்த எண் அடக்கமானது. மிகக் குறைந்த ஆபத்துள்ள வடிவத்தோடு ஒப்பிட, மிக அதிக ஆபத்துள்ள வடிவம் நோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ 1.3 மடங்காக்குகிறது. ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு வரக்கூடியது பதின்மூன்று பேருக்கு வரலாம். அதே வடிவத்தைச் சுமக்கும் மற்ற 987 பேருக்கு ஒன்றும் நேர்வதில்லை. மருத்துவர் ஒருவர் நம் சி4 வடிவத்தைச் சோதித்துப் பார்த்து நமக்கு மனச்சிதைவு வருமா வராதா என்று சொல்ல முடியாது. இன்றும் முடியாது.

5

அடுத்து வந்த ஆண்டுகள் இக்கதையைச் சில இடங்களில் ஆழப்படுத்தின. சில இடங்களில் குறுக்கின. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

2020-ல் மெக்கரோல் குழுவினரின் மற்றொரு கட்டுரை, மனச்சிதைவின் ஆபத்தைக் கூட்டும் அதே சி4 வடிவங்கள் லூபஸ், ஷோக்ரன் என்ற இரு தன்னெதிர்ப்பு நோய்களின் ஆபத்தைப் பெருமளவு குறைக்கின்றன என்று காட்டியது. மனச்சிதைவில் அவற்றின் விளைவு ஆண்களிடம் கூடுதலாக இருந்தது. லூபஸ் பெண்களையே பெரிதும் தாக்குவது. ஆக, ஒரு நோய்க்குப் பழி சுமக்கும் மாற்றுரு இன்னொரு நோய்க்கு அரணாக நிற்கிறது. அதைக் கெட்ட மரபணு என்று அழைக்க நமக்கு என்ன உரிமை? ரூடினின் காலத்தவர்கள் களையெடுக்க நினைத்த 'கெட்ட ரத்தம்' என்று எதுவும் இயற்கையில் இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

2019-ல் வெளியான கிழக்காசிய மக்களின் ஆய்வில், 22,778 நோயாளிகளைக் கொண்டு தேடியும், ஆறாவது குரோமோசோமின் கோபுரம் எழவில்லை. அம்மக்களிடையே மாற்றுருக்களின் பரவல் வேறு. நோய் வரும் விகிதமோ ஏறத்தாழ அதேதான். அதே ஆண்டு சென்னை ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, 3,092 பேரின் மரபணுக்களைத் துழாவி, நயாசின் என்ற உயிர்ச்சத்தின் வளர்சிதை மாற்றத்தோடு தொடர்புடைய இடமொன்றை எட்டாவது குரோமோசோமில் சுட்டியது. 1984-ல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய அந்நிறுவனத்துக்கு வந்த குடும்பங்களின் ரத்தம், ஐரோப்பியரை மட்டுமே வைத்து எழுதப்பட்டுவந்த ஒரு கதையில் வேறொரு பக்கத்தைச் சேர்த்திருக்கிறது. இதன் அளவு சிறியது; உறுதிப்பட இன்னும் பல்லாயிரம் பேர் வேண்டும். ஆனால் கோபுரம் ஓர் ஊரில் மட்டும் தெரிவதாக இருக்கலாம் என்பதை நினைவூட்ட இது போதும்.

2022-ல் 76,755 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 287 இடங்களைக் கண்டது. அவற்றின் மரபணுக்கள் பெரும்பாலும் நரம்பணுக்களில், அவற்றின் இணைப்புகளில் வேலை செய்பவை. நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே முன்வரிசையில் இல்லை. மூளையின் விழுங்கும் அணுக்களை அடக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் மினோசைக்ளின் என்ற பழைய மருந்தைப் பிரிட்டனில் 207 நோயாளிகளிடம் ஓராண்டு சோதித்தபோதும் பலன் கிட்டவில்லை. அம்முடிவு 2018-ல் வெளிவந்தது. 2024-ல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த, புதிய வழியில் செயல்படும் மனச்சிதைவு மருந்தும் நரம்புகளின் வேதிச் செய்திகளைத் தொடுவதே தவிர நோயெதிர்ப்பைத் தொடுவதல்ல.

அப்படியானால் நோயெதிர்ப்பின் பங்கு வெறும் கற்பனையா? அதுவும் இல்லை. 2011-ல் வெளியான டென்மார்க் பதிவேட்டு ஆய்வில், தன்னெதிர்ப்பு நோய் இருந்தவர்களிடம் மனச்சிதைவின் ஆபத்து 29 சதவீதமும், கடும் தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம் 60 சதவீதமும் கூடுதலாக இருந்தது. 2007-ல் ஜோசெப் தல்மாவும் அவரது குழுவினரும் விவரித்த ஒருவகை மூளையழற்சியில், உடலின் எதிர்ப்பொருள்களே நரம்பிணைப்பின் ஒரு புரதத்தைத் தாக்குகின்றன. குரல்களும் பிரமைகளுமாகத் தொடங்கும் அந்நோயாளிகள், மனநோயாளிகள் என்றே பலகாலம் கருதப்பட்டவர்கள். இன்று அதைக் கண்டறிந்து நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் மீள்கிறார்கள். இது மனச்சிதைவிலிருந்து வேறான, அரிய நோய். ஆனால் மெனிங்கர் பாஸ்டனில் கண்ட நூறு பேரில், உடலின் எதிர்வினையால் மனம் குலைந்து பின் மீண்டவர்கள் இருந்திருக்கலாம் என்று எண்ண இது இடமளிக்கிறது.

இந்த நூறாண்டுக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது இதுதான். நோயெதிர்ப்பு மரபணுக்களுக்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பு உண்டு. அது மெய்யானது, சிறியது, நூற்றுக்கணக்கான தொடர்புகளில் ஒன்று. முன்பு இதைவிடப் பலவீனமான தொடர்புகளைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர்கள் பல்லைப் பிடுங்கினார்கள், மலடாக்கினார்கள், தாயைக் கூண்டில் ஏற்றினார்கள். இப்போது ஆயிரம் மடங்கு வலுவான தரவுகளை வைத்திருப்பவர்கள், ஆயிரத்தில் மூவர் கூடுதல் என்று மட்டுமே சொல்கிறார்கள். இந்த அடக்கத்தைக் கற்க ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

நம் தெருவில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. பெண்ணின் திருமணம் நின்றுவிடுமோ என்று மகனின் நோயை மறைக்கும் வீடு. இரு குடும்பங்களின் வம்ச வரலாற்றையும் புரட்டி யார் வழியில் வந்தது என்று சண்டையிடும் வீடு. 'மரபணு' என்ற சொல் அங்கே போய்ச் சேரும்போது, பழைய பழியின் புதிய பெயராகவே போய்ச் சேரும் ஆபத்து உண்டு. ஆபத்தைக் கூட்டும் மாற்றுருக்கள் இரு குடும்பங்களிலும் இருக்கும், பக்கத்து வீட்டிலும் இருக்கும், இதை எழுதும் நம்மிடமும் வாசிக்கும் உங்களிடமும் இருக்கும். ஒருவரிடம் அவை எத்தனையோ வேறு காரணங்களோடு கூடிவருகின்றன, மற்றவரிடம் கூடுவதில்லை. 'ஏன் நமக்கு' என்று கேட்கும் அந்த அன்னைக்கு அறிவியல் இன்று முழுமையான பதில் வைத்திருக்கவில்லை. ஆனால், 'உங்களால் அல்ல' என்ற பதிலை அது உறுதியாகவே தரமுடியும். அதை அவரிடம் யாராவது போய்ச் சொல்லவேண்டும்.